லேப்ரடார் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு படுக்கையறை, சின்ன பால்கனி, லிஃப்ட் இல்லை. நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். வீட்டில் 68 வயது மாமியார் இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. 9 வயது மகள் ஒரு வருடமாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஹஸ்கி மேல் ஆசை. தெரிந்தவர் மூலமாக ஒரு லேப்ரடார் குட்டி வந்திருக்கிறது: 40 நாள், விலை 12,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் 3,000 அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும் என்கிறார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் இதுவரை யாரும் நாய் வளர்த்ததில்லை. எந்த நாய் சரிவரும்? வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? மாதம் எவ்வளவு செலவாகும்? ஊருக்குப் போனால் என்ன செய்வது? - ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த அட்வான்ஸ். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் குட்டி வாங்க வேண்டாம் என்பது பொதுவாகவே நல்லது. இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி 8 வாரம், அதாவது 56 நாள் நிரம்பாத குட்டியை விற்கவே கூடாது. நம் ஊரில் ‘45 நாள் குட்டி’ என்பது விற்பவர், வாங்குபவர் இருவர் வாயிலும் பழகிப்போன கணக்கு. அதிலும் சில நாள் கூட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. நான்காவது வாரத்தில் குட்டிகள் திட உணவுக்கு வந்துவிட்டால் சாப்பாடு, பூச்சி மருந்து, தடுப்பூசி என்று செலவு ஏறும். அந்தச் செலவு கூடுவதற்குள் கைமாற்றிவிடப் பார்ப்பார்கள்.

எட்டு வாரம் நிரம்புவதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று வாரம் குட்டிக்கு முக்கியமானது. கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் மற்றது கத்திக்கொண்டு விலகும், விளையாட்டு நின்றுபோகும் என்று அது கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் மகளின் கையில்தான் படிக்கும். தாயை விட்டுப் பிரிந்த அதிர்ச்சி, பயணம், புது இடம், புதுச் சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் பேதியும் தொற்றும் வருவதும் சுலபம்.

சொல்லும் வயது உண்மையா என்று பல்லைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். குட்டியை மடியில் வைத்து உதட்டை மெல்லத் தூக்குங்கள். முன்பற்கள் அரைகுறையாக முளைத்து, பின்பக்க ஈறு மொழுமொழுவென்று இருந்தால் அது ஒரு மாதத்தை ஒட்டிய குட்டி. 8 வார வாக்கில் மேலும் கீழுமாக 28 பாற்பற்கள், ஊசி போல, வந்திருக்கும். சொன்ன வயது பொய்யென்றால் பல்லே போதுமான சாட்சி, சண்டை போட வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

இனத்தை முடிவு செய்யும் முன் அந்தப் பத்து மணி நேரம்

எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட எட்டரையிலிருந்து ஆறரை வரையிலான பத்து மணி நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நான்கு மாதத்தில் ஐந்து மணி நேரம் வரை போகலாம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10-20 நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் அதற்குப் போயாக வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை வருகிறது. தடுப்பூசி முடியும் வரை ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள்ளேயே துடைக்க வேண்டும்; அதன் பிறகு அதைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஏறப்போவது யார்?

உங்கள் கடிதத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார் என்பது தெரிகிறது; அவர் சம்மதித்தாரா என்பது தெரியவில்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். ‘நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டால் போதும்’ என்று கேட்காமல், வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: மூத்திரம் துடைக்க வேண்டும், மதியம் சாப்பாடு வைக்க வேண்டும், சோபாவைக் கடிப்பதைத் தடுக்க வேண்டும். அவர் தயங்கினால் அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் நல்லது. அவர் மனதார ஒப்புக்கொண்டாலும் லேப்ரடார் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. 8 வாரத்தில் நான்கைந்து கிலோ இருக்கும் குட்டி, ஆறு மாதத்தில் 20 கிலோவை நெருங்கும். வளர்ந்தால் 25 முதல் 36 கிலோ. அன்பில் பாய்ந்து வந்து காலில் மோதினாலே மூட்டுவலிக்காரர் விழுந்துவிடுவார். 68 வயதில் இடுப்பெலும்பு முறிவு சின்ன விஷயமில்லை.

மகளைக் கணக்கில் பொறுப்பாளியாகச் சேர்க்காதீர்கள். 9 வயதுக் குழந்தை தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கச் சாப்பாடு வைக்கலாம், சீப்பால் முடி வாரலாம், ‘உட்கார்’, ‘இரு’ பழக்கலாம். இவை உண்மையான வேலைகள். அவளுக்கும் நாய்க்கும் நெருக்கம் வரும். ஆனால் தெருநாய்கள் இருக்கும் சாலையில் அவள் கையில் மட்டும் கயிற்றைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

நாய் வருவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். இரண்டு வாரம், ஞாயிறு உட்பட, நீங்களோ கணவரோ காலை ஐந்தரைக்கு எழுந்து கீழே இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இரவு எட்டு மணிக்கு இன்னொரு அரை மணி. யார் எந்த வேளை என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும், அலுவலகத்திலிருந்து தாமதமாக வந்தாலும் விடக் கூடாது. அந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தவறியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நாய் இந்த வேலையை 10-14 வருடம் கேட்கும். அதற்குள் உங்கள் மகள் கல்லூரிக்கே போய்விடுவாள்.

வாடகை வீடு என்பதால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் சரி. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணியைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது சங்கங்களுக்கு. வாடகை ஒப்பந்தத்தில் ‘செல்லப்பிராணி கூடாது’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு கதை. நாய்களைக் கைவிடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் காரணங்களில் வீடு மாறுவதும் ஒன்று. அடுத்த வீடு தேடும்போதும் இந்தக் கேள்வி வரும் என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் நாய்க்கு உரிமம் வாங்குவது கட்டாயம். வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்று இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தெந்த இனத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹஸ்கி, லேப், நம் நாட்டு நாய்

ஹஸ்கி வேண்டாம். மகளிடம் காரணத்தைச் சொல்லியே மறுங்கள், புரிந்துகொள்ளும் வயதுதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். சைபீரியக் குளிருக்கு ஏற்ற இரட்டை அடுக்கு முடியோடு அந்த நாய் மே மாதத்தில் இங்கே படும் பாடு கொடுமை. ஏசி போடுவோம் என்பார்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால்? முடியை மழித்துவிடுவதும் தீர்வில்லை. அந்த முடி வெயிலையும் தடுக்கிறது, மழித்தால் சரியாகத் திரும்ப முளைக்காமலும் போகலாம்.

பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களும் இதே காரணத்தால் வேண்டாம். அவற்றுக்கு மூச்சுப்பாதையே குறுகல். ஷிட்சூ சின்னது, மாடி வீட்டுக்குப் பொருந்தும், ஆனால் தினமும் முடி வார வேண்டும், கண்ணைத் துடைக்க வேண்டும், காதைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் முடி சிக்குப் பிடித்து அடியில் தோல் புண்ணாகும்.

லேப்ரடார் குழந்தைகளோடு நன்றாகப் பழகும். அது உண்மை. ஆனால் வருடம் முழுக்க முடி கொட்டும். ஒன்றரை இரண்டு வயது வரை கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். போட்டதையெல்லாம் சாப்பிட்டுக் குண்டாகும். குண்டானால் இடுப்பு மூட்டுக் கோளாறு சீக்கிரம் தலைகாட்டும். பத்து மணி நேரம் அடைத்துவைத்த இளம் லேப் கதவைச் சுரண்டும், குரைக்கும், கீழ்வீட்டிலிருந்து புகார் வரும்.

நம் ஊர் இனங்களைக் கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ராஜபாளையத்தை முதல் நாயாக, அதுவும் மாடி வீட்டில், பரிந்துரைக்க மாட்டேன். காவலுக்கென்று வளர்ந்த இனம்; குடும்பத்துக்கு உயிரைக் கொடுக்கும், விருந்தாளியை ஏற்காது, இடம் கேட்கும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மையும் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை, திறந்தவெளி இல்லாமல் வாடிப்போகும். கோம்பையும் காவல்காரன்தான்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது: ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும், கருத்தடை செய்யப்பட்ட, 12-18 கிலோ எடையுள்ள, தனி இனம் என்றில்லாத நாட்டு நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள். பெண் நாயாக இருந்தால் இன்னும் நல்லது. குட்டையான முடி, இந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு. வளர்ந்த நாயால் பகலில் ஆறு மணி நேரம் வரை அடக்க முடியும். மதியம் ஒரு முறை கீழே கூட்டிப்போக மட்டும் ஆள் ஏற்பாடு செய்தால் போதும். குணம் என்ன என்பதும் அந்த வயதில் வெளிப்பட்டிருக்கும். குட்டியிடம் அது சீட்டுக் குலுக்கல் மாதிரி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் வளர்ந்த சில நாய்களுக்கு மாடிப்படியும் வழுக்கும் டைல்ஸ் தரையும் பயம் தரும், பழக வாரக்கணக்கில் ஆகும். சில நாய்கள் குழந்தைகளின் ஓட்டத்தையும் கத்தலையும் கண்டு மிரளும். உண்ணிக் காய்ச்சல் ஏற்கெனவே உடம்பில் பதுங்கியிருக்கலாம். அதனால் ஒரே நாளில் கூட்டிவர வேண்டாம். வேளச்சேரியில் இருக்கும் புளூ கிராஸ் விலங்குகள் காப்பகம் உங்களுக்குப் பக்கம்தான். வேறு காப்பகங்களும் உண்டு. இரண்டு தடவையாவது, வெவ்வேறு நேரத்தில், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாயைக் கூப்பிடாமல், பக்கவாட்டில் திரும்பிப் பத்து நிமிடம் உட்காருங்கள். தானாக வந்து மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கும் நாய் நல்ல அடையாளம். உடம்பு விறைத்து, வாலை இடுக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும் நாய் உங்கள் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம். காப்பக ஊழியரைப் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது அருகில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்ததற்கான அடையாளம். கொண்டுவரும் முன் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள், உண்ணிக் காய்ச்சல் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்க அனுமதிக்கும் காப்பகமாக இருந்தால் அந்த வாய்ப்பை விடாதீர்கள்.

குட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால்

மதியம் ஒருவர் வீட்டில் இருக்க வழி செய்துகொண்டு, பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில் கொண்டுவாருங்கள். விற்பவர் வீட்டுக்கே போய்த் தாயைப் பார்க்க வேண்டும். ‘வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறோம்’ என்றால் வேண்டாம். தாய் நாய் எலும்பும் தோலுமாக இருக்கிறதா, மனிதரைக் கண்டு நடுங்குகிறதா, தரையில் தண்ணீர்ப் பேதி கிடக்கிறதா என்று பாருங்கள். குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கிறது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல இருந்தாலும் புழுதான். கண்ணில் பீளை, மூக்கில் சளி, தொப்புளில் புடைப்பு இருக்கிறதா? காதை மோந்தால் நாற்றம் இருக்கிறதா? விரல் இடுக்கையும் காது மடலின் உள்பக்கத்தையும் விரித்துப் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒளியும். தலைக்குப் பின்னால் கை தட்டினால் திரும்ப வேண்டும்.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் நான்கும் இருக்க வேண்டும். ‘ஊசி போட்டாச்சு’ என்று பேனாவால் எழுதியிருந்தால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. லேப் என்றால் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் மருத்துவர் பார்த்து நோய் இருக்கிறது என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முதல் நான்கு மாதத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது பார்வோ என்ற வைரஸ் நோய். முதலில் சோர்வு, பிறகு வாந்தி, பிறகு ரத்தம் கலந்த, தனி நாற்றமடிக்கும் பேதி. தடுப்பூசி போட்டும் வந்துவிட்டதே என்பார்கள். காரணம் இதுதான்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசி மருந்தையும் செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஓர் ஊசியோடு நிறுத்தினால் போடாததற்குச் சமமாகிவிடலாம். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்து யாரிடமோ போட்டுக்கொள்ளும் ஊசியை நம்ப முடியாது. பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான ஃபினாயில் அதற்குப் போதாது. குளோரின் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். விற்பவர் இடத்தில் அண்மையில் குட்டி இறந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

தடுப்பூசி முடியும் வரை வெளியே தரையில் விடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்கக் கூடாது. 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோ சத்தம், குக்கர் விசில், தாடிக்காரர், குடை பிடித்தவர், தள்ளுவண்டி எல்லாவற்றையும் காட்டுங்கள்.

வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் முதல் தடவை. பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒன்று. அப்புறம் வருடா வருடம். இந்த ஊசி போடுவதற்கு முன்பே குட்டி விளையாட்டாகக் கடித்து மகளுக்கு ரத்தம் வந்தால் ‘வீட்டுக் குட்டிதானே’ என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி இருக்கும், ஒன்றையும் விடக் கூடாது.

குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. எடை பார்த்து அளவு மாறும்.

சாப்பாடு, உண்ணி, செலவு

இரண்டு மூன்று மாதத்தில் நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. வெறும் தயிர் சாதத்தில் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. இறைச்சியும் சோறும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து முன்னங்கால் வளையும். அதற்காகக் கடையில் விற்கும் கால்சியம் டானிக்கை எல்லாக் குட்டிக்கும் ஊற்றுவதும் ஆபத்து: குட்டிகளுக்கான உலர் தீவனத்தில் அது ஏற்கெனவே அளவாகச் சேர்ந்திருக்கிறது, லேப் போன்ற பெரிய இனத்தில் கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். தீவனம் அல்லது மருத்துவர் கணக்கிட்டுத் தந்த வீட்டுச் சமையல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்றால் தீவனமும் அவித்த முட்டையுமாக ஓட்டலாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சமைத்த எலும்பு ஆகியவை கூடாது. காய்ச்சல் என்று நீங்களாகவே பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. ரசகற்பூர உருண்டையும் எலி மருந்தும் நாய் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

உண்ணி நம் ஊரின் தீராத தொல்லை. நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சம் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் கட்டிலுக்கடியிலும் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டினால் தீராததற்குக் காரணம் அதுதான். மாதம் ஒரு முறையோ, 12 வாரத்துக்கு ஒரு முறையோ தரும் மாத்திரையைத் தவறாமல் கொடுத்து, விரிசல்களைப் பூசிவிட்டால் கட்டுக்குள் வரும். காய்ச்சல், சாப்பாடு ஒதுக்குதல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் - இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மழைக்காலத்தில் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற நோய் வரும், மனிதருக்கும் தொற்றும். கூட்டுத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

நடை வெயில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்தான். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் சுடும். நாயின் இயல்பான வெப்பம் 101-102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐ நெருங்கினால், அதாவது மூச்சு வாங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால், குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

செலவைத் தோராயமாகச் சொல்கிறேன், பகுதிக்குப் பகுதி மாறும். வளர்ந்த லேப் நாளைக்கு 300-400 கிராம் தீவனம் சாப்பிடும். மாதம் 9-12 கிலோ. நடுத்தரத் தீவனம் கிலோ 300-500 ரூபாய் என்றால் 2,700 முதல் 6,000 வரை. 15 கிலோ நாட்டு நாய்க்கு அதில் பாதியை ஒட்டி வரும். உண்ணி, புழு மருந்துக்கு மாதம் 500-1,000 ஒதுக்குங்கள். முதல் வருடத் தடுப்பூசிகள் 4,000-6,000. கருத்தடை தனியார் மருத்துவமனையில் 6,000-15,000; வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அறக்கட்டளைகளிலும் குறைவு. மதியம் வரும் ஆளுக்குச் சம்பளம் தனி. உங்கள் கணக்கில் அதுவே பெரிய தொகையாக இருக்கும். இவற்றோடு 25,000 ரூபாயை அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். பார்வோவுக்கு ஒரு வாரம் குளுக்கோஸ் ஏற்ற நேர்ந்தால் அது காணாமல் போகும். நீங்கள் கேட்ட 12,000 ரூபாய்க் குட்டியின் விலை இந்தப் பட்டியலில் சின்ன வரி.

பெண் குட்டியைக் கருத்தடை செய்யாமல் வைத்தால் 6-12 மாதத்துக்குள் முதல் பருவம் வரும். அது ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும், ரத்தம் சொட்டும், தெரு ஆண் நாய்கள் வாசலில் கூடும், இது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை. வயதானால் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கருத்தடைக்குச் சின்ன இனத்துக்கு ஆறு மாதம் போதும்; லேப் போன்றவற்றுக்கு மூட்டு வளர்ச்சிக்காக ஒரு வயது வரை பொறுப்பது நல்லது.

ஊருக்குப் போவது பற்றி. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் முழு கூப்பேயை (இரண்டு படுக்கை கொண்ட தனி அறை) எடுத்தால் கூட்டிப்போகலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான், வெயில் காலத்தில் அதை நினைக்கவே வேண்டாம். நீங்கள் இல்லாத நாட்களில் நாயைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் விடுவதென்றால் தீபாவளி, பொங்கலுக்கு இடம் முன்கூட்டியே நிரம்பிவிடும். முதல் தடவையே ஐந்து நாள் விடாமல், சாதாரண வாரத்தில் ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். தடுப்பூசிப் புத்தகம் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் இடம் வேண்டாம். தீபாவளிக்கு நீங்கள் வீட்டிலேயே இருந்தாலும் நாய்க்கு அது கடினமான நாள். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் அதிகம். இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் பதற்றம் குறைக்கும் மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். அன்று மாலை இருட்டும் முன்பே நடைக்குக் கூட்டிப்போய் வந்து, ஜன்னலை அடைத்து, மின்விசிறியும் டிவியும் ஓட, கட்டிலுக்கடியில் அது பதுங்க விரும்பினால் பதுங்க விடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பும் அதற்கு முன்பே இருக்கட்டும்.